கால் மில்லிமீட்டர் கணக்கு: 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ராத்திரி கரண்ட் போன நேரத்தில் வாசலில் நின்று எதிர்ச் சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். கையை அப்படியே பக்கவாட்டில் ஒரு அங்குலம் நகர்த்தினால் வெளிச்ச வட்டமும் ஒரு அங்குலம்தான் நகரும். கை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மணிக்கட்டை மட்டும் இம்மி திருப்புங்கள். வட்டம் பக்கத்து வீட்டு மதிலுக்குத் தாவிவிடும்.

பிஸ்டல் சுடுவதில் நடக்கும் தவறுகளும் இந்த இரண்டு வகைதான். கை மொத்தமாக ஆடுவது ஒன்று. பிஸ்டல் கைக்குள் கோணலாகத் திரும்புவது இன்னொன்று. முதலாவதைப் பார்த்துத்தான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். புள்ளிகளைத் தின்பது இரண்டாவது. எந்த பிஸ்டல், எந்த கிரிப் (கைப்பிடி), எந்த பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த வித்தியாசத்திலிருந்தே வருகிறது. அதனால் முதலில் கொஞ்சம் கணக்கு.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்டில் 10 என்ற வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்கடுத்த ஒவ்வொரு வளையமும் விட்டத்தில் 16 மி.மீ. கூடிக்கொண்டே போகும்: 9 என்பது 27.5, 8 என்பது 43.5. நடுவில் தெரியும் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ., அதாவது 7-ஆம் வளையம் வரை. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. துளையின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைக்கும். ஆகவே பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 8 மி.மீ. தூரத்துக்குள் விழுந்தால் 10, 16 மி.மீ.க்குள் 9, 24 மி.மீ.க்குள் 8. எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

இப்போது பிஸ்டலுக்கு வருவோம். குழல் முனைப் பக்கம் நிற்கும் சதுரத் தூண் ஃப்ரன்ட் சைட். கண் பக்கம் இருக்கும் பள்ளம் வெட்டிய தகடு ரியர் சைட். தூண் பள்ளத்தின் நடுவில், இரண்டின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடைத்தூரம் 35 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான போட்டி பிஸ்டல்களில் ஏறத்தாழ அவ்வளவுதான். 10 மீட்டரை 35 செ.மீ.யால் வகுத்தால் 28-க்குச் சற்று மேல். ஆக, ஃப்ரன்ட் சைட் பள்ளத்துக்குள் எவ்வளவு விலகுகிறதோ, டார்கெட்டில் அது 28 மடங்காகப் பெருகும். கால் மில்லிமீட்டருக்கு மயிரிழை கூடுதலாக விலகினாலே 10 போய்விடும். மூன்று ஏ4 தாளை அடுக்கினால் வரும் தடிமன் அவ்வளவுதான். அரை மி.மீ. விலகினால் 14 மி.மீ. தள்ளி விழுந்து 9. ஒரு மி.மீ. விலகினால் 28 மி.மீ. தள்ளிப்போய் 7.

ஆனால் சைட் இரண்டும் ஒழுங்காக நேர்கோட்டில் இருக்க, கை மட்டும் மொத்தமாக 7 மி.மீ. இடப்பக்கம் ஆடியிருக்கும்போது வெடித்தால்? 7 மி.மீ.தான் விலகும். அப்போதும் 10.

இதைப் புரிந்துகொண்டவர் டார்கெட்டைப் பார்க்க மாட்டார். கண்ணின் கூர்மை முழுவதும் ஃப்ரன்ட் சைட்டின் மேல் விளிம்பில் இருக்க வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலாக, பஞ்சு உருண்டை போலத் தெரியட்டும். மனிதக் கண்ணால் ஒரு மீட்டரில் உள்ளதையும் 10 மீட்டரில் உள்ளதையும் ஒரே நேரத்தில் கூர்மையாகக் காண முடியாது. ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் 28 மடங்கு பெருகாததை விட்டுக்கொடுப்பதே லாபம்.

குறி வைக்கும் இடமும் அதனால்தான் கறுப்பின் நடுவில் இல்லை. கறுப்புத் தூணைக் கறுப்பு வட்டத்தின் மேல் வைத்தால் தூணின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஃப்ரன்ட் சைட்டுக்கும் கறுப்பின் அடிப்பகுதிக்கும் இடையில் ஒரு பட்டை வெள்ளை தெரியும்படி கீழே பிடிப்பார்கள். அங்கே பிடித்தால் நடுவில் விழும்படி ரியர் சைட்டைத் திருகி வைத்துக்கொள்வதே வழக்கம். வெள்ளைப் பட்டை ஒவ்வொரு முறையும் துல்லியமாக ஒரே அளவு இருக்க வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். அது மொத்தக் கை ஆட்டத்தின் கணக்கில் சேரும். அதற்கு 8 மி.மீ. சலுகை உண்டு.

கிரிப்: பணமும் நேரமும் போக வேண்டிய இடம்

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். ஏர் பிஸ்டலில் சில சமயம் கூடம் நிஜமாகவே கோணல்தான், அது கிரிப். கைக்குப் பொருந்தாத கிரிப்பில் மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் பிஸ்டலைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். 60 ஷாட்டுக்கும் அதைச் செய்ய எந்த மணிக்கட்டாலும் முடியாது.

சோதனை எளிது. பெல்லட் இல்லாத, காக் செய்யாத (சுடுவதற்குத் தயாராக்கி வைக்காத) பிஸ்டலைப் பிடித்து டார்கெட் பக்கம் நில்லுங்கள். கண்ணை மூடுங்கள். கையை உயர்த்தி, வழக்கமாகப் பிடிக்கும் உயரத்துக்கு வந்ததும் ஒரு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். மணிக்கட்டை அசைக்காமல் ஃப்ரன்ட் சைட் பள்ளத்தில் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். பத்து முறை செய்து ஒரு தாளில் புள்ளி வையுங்கள். பத்தும் அங்கங்கே சிதறினால் பிடிப்பு இன்னும் பழகவில்லை, கிரிப்பைத் தொடாதீர்கள். பத்தில் எட்டு ஒரே பக்கம் போனால் குறை கிரிப்பில். பக்கவாட்டில் விலகினால் கிரிப்பைச் சட்டத்தோடு சேர்க்கும் திருகைத் தளர்த்தி, விலகலுக்கு எதிர்ப்பக்கமாகப் பிஸ்டல் திரும்பும்படி அணு அணுவாக மாற்ற வேண்டும். மேலே கீழே விலகினால் கிரிப்பின் சாய்வை மாற்ற வேண்டும்.

அப்படித் திருப்பும் வசதி இல்லாத கிரிப் என்றால் வுட் புட்டி. தேவையான இடத்தில் ஒரு மி.மீ. கனத்துக்கு அப்பி, பாலிதீன் தாளை மேலே போட்டுக் கையால் அழுத்திப் பதிவு எடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் இழையுங்கள். அதிகமாகிவிட்டால் இழைத்துவிடலாம், முதலிலேயே மரத்தைச் செதுக்கினால் திரும்ப வராது. கடைசியில் வார்னிஷ் அடிக்கிறவர்கள் உண்டு, பார்க்க அழகு. சென்னைப் புழுக்கத்தில் அந்த வார்னிஷ் எண்ணெய்ச் சட்டியின் கைப்பிடி மாதிரி வழுக்கும். சொரசொரப்பாகவே விடுங்கள்.

கிரிப் வாங்கும்போது எஸ், எம், எல் என்ற அளவுகளில் கொஞ்சம் சிறியதே நல்லது. ஆட்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி டிரிகரில் பட வேண்டும்; விரலின் பக்கவாட்டு எங்கும் மரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் டிரிகர் இழுக்கும் ஒவ்வொரு முறையும் விரல் கிரிப்பைப் பக்கவாட்டில் தள்ளும். எவ்வளவு தள்ளினால் 10 போகும் என்று மேலே கணக்குப் போட்டாயிற்று. உள்ளங்கையின் அடியில் வரும் தாங்குபலகை கையை மெல்லத் தொட்டால் போதும். இறுகப் பிடிக்க வேண்டும் என்று அதை மேலே ஏற்றித் திருகினால் சிறிது நேரத்தில் கை மரத்துப்போகும், நடுக்கம் வரும்.

விதி ஒன்று இங்கே உண்டு. மணிக்கட்டு சுதந்திரமாக இருப்பது வெளியே தெரிய வேண்டும். கிரிப் அதைத் தாங்கக் கூடாது. பிஸ்டல் பிடிக்கும் கையில் கடிகாரம், காப்பு, ரிஸ்ட் பேண்ட் போன்றவை ஆகாது. சாமிக் கயிற்றையும் அடுத்த கைக்கு மாற்றிவிடுவது வம்பில்லாத வழி.

டிரிகர்

டிரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தபட்சம் 500 கிராம் இருக்க வேண்டும். போட்டிக்கு முன் பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த எடை தாங்க வேண்டும், டிரிகர் விழக் கூடாது, அதாவது சுட்டுவிடக் கூடாது. சரியாக 500-இல் வைத்து வருபவர் சோதனை மேசையில் வியர்த்து நிற்பார். 510 அல்லது 520-இல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 கிராமால் யாருடைய புள்ளியும் குறைந்ததில்லை.

போட்டி பிஸ்டல்களின் டிரிகர் இரண்டு படியாக வரும். முதல் படி மெதுவாக நகர்ந்து ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அதற்குமேல் கொஞ்சம் அழுத்தினால் விழும். மொத்த எடையில் 350 முதல் 400 கிராம் வரை முதல் படியிலும் மீதியை இரண்டாம் படியிலும் வைப்பது தொடக்கத்துக்கு ஏற்றது. கை உயர்ந்து நிலைக்கு வரும்போதே முதல் படியை எடுத்துவிட வேண்டும். சைட்டைப் பார்த்துக்கொண்டே நூறு கிராம் சொச்சத்தை நிதானமாகச் சேர்ப்பதுதான் மீதி வேலை.

புதியவர் இங்கேதான் சறுக்குவார். சைட் அழகாக நிற்கும் அந்த ஒரு நொடியில் 'இப்போ' என்று விரலைச் சொடுக்குவார். வலக்கைக்காரர் என்றால் துளை கீழே இடப்பக்கம் விழும். உடனே ரியர் சைட்டை மேலும் வலமுமாக நாலு கிளிக் திருகுவார். அடுத்து ஒன்றைச் சுத்தமாக இழுத்தால் அது மேலே வலப்பக்கம் போகும். திரும்பவும் திருகுவார். கடைசியில் சைட் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஐந்து ஷாட் ஒரு கொத்தாக விழும் வரை திருகில் கை வைக்காதீர்கள். கொத்தின் நடுவைப் பார்த்து மாற்றுங்கள். தனித்து ஓடிய ஒற்றைத் துளையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இன்னொன்று: சில ஐரோப்பியப் பிஸ்டல்களில் திருகில் உள்ள எழுத்து, துளை விழுந்த பக்கத்தைக் குறிக்கும், வேறு சிலவற்றில் துளை நகரப்போகும் பக்கத்தை. புதுப் பிஸ்டலில் ஒருமுறை நாலு கிளிக் திருகிச் சுட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று நோட்டில் எழுதிவிட்டால் பிறகு குழப்பமில்லை.

தகுதிச் சுற்றில் எலக்ட்ரானிக் டார்கெட்டில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். ஷாட்டுக்கு 75 நொடி. கையை உயர்த்தி நிலைத்த பிறகு ஐந்து முதல் எட்டு நொடிக்குள் விழவில்லை என்றால் இறக்கி வையுங்கள். நேரம் தாராளமாக இருக்கிறது. பத்து நொடிக்கு மேல் பிடித்தால் தசை தளரும், கண்ணுக்குள் பிம்பம் உறைந்துபோய் சைட் விலகுவதே தெரியாது.

பெல்லட்டைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம்

ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், அதிகம் பேசப்படுவதும் புதியவருக்குக் குறைவாகத் தேவைப்படுவதும் இதுதான். போட்டிக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். காகிதத்தில் வட்டமாக, பஞ்ச் அடித்ததுபோல் துளை போடும். கூர்முனை, உருண்டைத் தலை பெல்லட்கள் காகிதத்தைக் கிழிக்கும், புள்ளி பார்க்க முடியாது. எடை 0.45 முதல் 0.53 கிராம் வரை. டப்பாவில் 500 இருக்கும். நல்ல வகைகளின் டப்பாவில் தலையின் அளவு 4.49, 4.50 என்று குறித்திருக்கும். ஒவ்வொரு குழலும் ஏதோ ஒரு அளவை விரும்பும் என்பது உண்மைதான்.

ஆனால் அதன் மதிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். பிஸ்டலை மேசையில் இறுக்கிக் கட்டிவைத்து 10 ஷாட் சுட்டால், நல்ல பெல்லட்டில் எல்லாம் சேர்ந்து 7 மி.மீ. அகலத் துளை ஒன்று விழும் என்று கொள்வோம். அதில் 4.5 மி.மீ. பெல்லட்டின் சொந்த அகலம். மீதி 2.5 மி.மீ.; நடுவிலிருந்து பார்த்தால் பெல்லட் செய்யும் தவறு ஒன்றேகால் மி.மீ. அதுவே ஃப்ரன்ட் சைட் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு விலகுவதற்குச் சமம். 60 ஷாட்டில் 600-க்கு 570 புள்ளியைத் தாண்டிய பிறகு நாலைந்து அளவுகளை வாங்கிச் சோதிப்பது நியாயம். அதற்கு முன், டப்பாவில் பிஸ்டலுக்கு என்று குறித்த நல்ல பெல்லட் ஒன்றை, ஒரே பேட்ச் எண்ணில் சில டப்பாக்கள் வாங்கி வையுங்கள். கீழே விழுந்த டப்பாவை மட்டும் நம்பாதீர்கள். பெல்லட்டின் பாவாடைப் பகுதி மெல்லிய ஈயம். அது நசுங்கினால் காற்று ஒரு பக்கம் கசியும், எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சந்தேகம் என்றால் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள்; நசுங்கியது தத்தித் தத்தி ஓடும்.

ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீயும் வடையும் வேண்டாம்.

பிஸ்டலும் மற்றவையும்

ஸ்டெய்ர், மோரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பர்தினி ஆகியவையே உலகக் கோப்பை முதல் மாவட்டப் போட்டி வரை அதிகம் காணப்படும் பெயர்கள். இவற்றில் எதை வாங்கினாலும் பிஸ்டல் உங்களைவிட நன்றாகவே சுடும். எனவே தேர்வு செய்யும் அளவுகோல் வேறு: உங்கள் ரேஞ்சில் எந்தப் பிஸ்டலுக்கு சீலும் உதிரிபாகமும் கிடைக்கிறது, யாருக்குப் பிரித்துப் பூட்டத் தெரியும் என்பதுதான். விலை லட்ச ரூபாயைத் தாண்டும் என்பதால் முதல் ஆறு மாதம் கிளப் பிஸ்டலிலேயே சுடுவது புத்திசாலித்தனம். கிரிப் மட்டும் சொந்தமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

டிரிகர் மெக்கானிக்கலா எலக்ட்ரானிக்கா என்பது ருசி சார்ந்தது. எலக்ட்ரானிக் டிரிகர் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி விழும். மெக்கானிக்கலுக்கு பேட்டரி கவலை இல்லை. எதுவானாலும் கோளாறு வரும் என்று எண்ணித் தயாராக இருக்க வேண்டும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்யப் போன நிமிடங்களுக்குப் பிறகு 575 புள்ளியோடு 12-ஆம் இடத்தில் முடித்தார், இறுதிச் சுற்று கைநழுவியது. 2024-இல் பாரிஸில் அதே போட்டியில் 221.7 புள்ளியுடன் வெண்கலம் வென்றார்.

பிஸ்டலின் எடை 1500 கிராமுக்கு மிகக் கூடாது; பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். மொத்தப் பிஸ்டலும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டி அப்பிப் பருத்த கிரிப் அந்த 50 மி.மீ. அகலத்தில் இடிக்கும், ஆகவே அப்புவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள்.

சிலிண்டரில் 200 பார் அழுத்தக் காற்று. ஸ்கூபா டாங்கிலிருந்து நிரப்பும்போது வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாக நிரப்பினால் சூடேறி, ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். இணைப்பில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பிடிக்கும். கைப்பம்பு என்றால் கடலோர ஊர்களில் ஈரம் உள்ளே போகும். சில நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வடிகால் திருகைத் திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள். சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். போட்டியில் அதன் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டு, அதற்கு வீரரே பொறுப்பு.

நாற்பதைத் தாண்டியவருக்குக் கண்ணாடிதான் பிஸ்டலைவிட முக்கியம். ஃப்ரன்ட் சைட் கண்ணிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கிறது. தூரப் பார்வைக் கண்ணாடியில் அது மங்கும், படிக்கும் கண்ணாடியில் டார்கெட்டே காணாமல் போகும். தூரப் பார்வை எண்ணோடு +0.5 அல்லது +0.75 சேர்த்துப் போட்டுப் பார்க்கும்படி கண் டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு மீட்டர் தூரத்தில் பேனா முனையைப் பிடித்துக் காட்டுங்கள். குறி பார்க்காத கண்ணை இறுக மூடாதீர்கள், முகத் தசை இழுக்கும். 30 மி.மீ. அகலத்துக்கு மிகாத மறைப்பட்டை ஒன்று போதும். காலணி கணுக்கால் எலும்பை மூடக் கூடாது. தட்டையான அடி இருந்தால் சாதாரண கேன்வாஸ் ஷூவே தாராளம்.

இந்தியாவில் 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. அரை கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 5.6 ஜூல்தான். அதற்காக இது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது, 5.6 ஜூல் கண்ணைப் பறிக்கப் போதும். சுடாத நேரமெல்லாம் குழலின் முழு நீளத்துக்கும் செருகிய பளிச்சென்ற நிறக் கயிறு இருக்க வேண்டும். குழல் முனை டார்கெட் பக்கமே பார்க்க வேண்டும். உயர்த்தும் வரை விரல் டிரிகருக்கு வெளியே.

வெள்ளை அட்டை

உங்கள் தவறு கை ஆட்டமா, சைட் விலகலா என்று அறிய ஒரு செலவில்லாத வழி உண்டு. டார்கெட் அட்டையைத் திருப்பி மாட்டுங்கள், வெறும் வெள்ளை. அதில் நடுவாக ஏதோ ஓர் இடத்தைப் பார்த்து 10 ஷாட். பிறகு சரியான பக்கம் திருப்பிய அட்டையில் 10 ஷாட். இரண்டு கொத்துகளின் அகலத்தையும் ஸ்கேலால் அளங்கள். குறி வைக்க ஒன்றுமே இல்லாத வெள்ளை அட்டையில் கொத்து பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? புதியவர்கள் பலருக்கு அதுதான் சிறியதாக இருக்கும். கறுப்பு வட்டம் இல்லாததால் கண்ணுக்குப் போக வேறிடம் இல்லை. ஃப்ரன்ட் சைட்டிலேயே கிடந்திருக்கிறது. உங்களுக்கும் அப்படி வந்தால் ஒரு வாரம் வெள்ளை அட்டையில் மட்டும் சுடுங்கள். அடுத்த வாரம் பத்துக்கு ஒன்று கறுப்பு, அதற்கடுத்த வாரம் பாதிக்குப் பாதி. இரண்டு கொத்தும் ஒரே அகலத்துக்கு வந்த பிறகு கடைக்குப் போகலாம்.